குறுக்கே இழுத்த கோடு

அந்த மணிக்கு இப்போது நாக்கு இல்லை.

கைப்பிடி வைத்த சின்னப் பித்தளை மணி. எடை பார்க்கும் அறையில், ஜன்னலோர மேசையில், காகிதம் பறக்காமல் இருக்க அதைத் தூக்கி வைத்திருக்கிறாள். உள்ளே தொங்கிய நாக்கைக் குறடு வைத்துப் பிடுங்கியது அவளேதான். பிடுங்கி என்ன பயன்? சில மதியங்களில், கடைசி நோயாளியும் போய் அறை காலியாக இருக்கும்போது, அந்த மணி அடிக்கிறது. மூன்று தடவை. அவளுக்கு மட்டும் கேட்கிறது. அது அடங்கியதும், எங்கோ தூரத்தில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் தொடங்குகிறது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறாள். சத்தம் காதுக்கு வெளியிலிருந்து வந்தால்தானே பொத்தி நிறுத்த முடியும்?

மருத்துவமனையில் அவளைத் 'தராசக்கா' என்பார்கள். எடைக் குறைப்புப் பிரிவின் முதல் அறை அவளுடையது. பெரிய டாக்டரிடம் போவதற்கு முன்னால் எல்லோரும் அவள் முன்னால் செருப்பைக் கழற்றித் தராசின் கறுப்புப் பலகையில் ஏற வேண்டும். சுவரில் சிவப்பு எண்கள் எரியும். வந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று நம்புகிற முகம் அது. அவள் சிரித்துக்கொண்டே, "மூச்ச விடுங்க, அதுக்கெல்லாம் எடை இல்ல" என்பாள். பதினோரு வருடமாக அதே நகைச்சுவை. பதினோரு வருடமாக ஜனங்களும் சிரித்தார்கள்.

அந்த மணியை வாங்கி வந்தவளும் அவள்தான். போன தடவையை விட எண் இறங்கியிருந்தால் எடுத்து மூன்று தடவை அடிப்பாள். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் கை தட்டுவார்கள். வெட்கப்பட்டு, கண் கலங்கி, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு போன பெண்கள் எத்தனை பேர்! வாழ்நாளில் யாரும் கை தட்டாதவர்களுக்குக் கை தட்டல் வாங்கிக் கொடுக்கிறோம் என்று அவள் நெஞ்சு நிறைந்திருந்தது. பொய்யில்லை. அவள் கெட்டவள் இல்லை. அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய கொடுமை.

இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு தாள் உண்டு. முன்பக்கத்தில் வயது, உயரம், எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம். பின்பக்கத்தில் ஐந்து கேள்விகள். சாப்பாட்டு நோய் உண்டா என்று கண்டுபிடிக்கிற கேள்விகள் அவை. அச்சடித்தபோது மருத்துவமனை முழுவதற்கும் ஒரே தாளாக அடித்துவிட்டார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், அதைப் புரட்டிப் பார்த்த பெரிய டாக்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னார்:

"இது எதுக்கும்மா நமக்கு? நம்மகிட்ட வர்றவங்க என்ன பட்டினி கிடக்கறவங்களா? இதெல்லாம் பின்கட்டிடத்துல படுத்திருக்கே, குச்சி குச்சியா, அந்தப் பொண்ணுங்களுக்கு. குறுக்கே ஒரு கோடு போட்டு விடுங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். ஐம்பது தாள்களைக் கவிழ்த்து அடுக்கி, மர அளவுகோலை மூலைக்கு மூலை சாய்த்து வைத்து, நீலப் பேனாவால் ஒரே இழுப்பு. ஐம்பது கோடு. யார் வரப்போகிறார்கள் என்றே தெரியாது. அதற்குள் அவர்களுக்கு அந்த நோய் இல்லை என்று முடிவாகியிருக்கும். கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று அவள் தாளைத் தூக்கிப் பார்த்துத் திருப்திப்படுவாள்.

வீட்டில் மூன்று பேர். அவள், பஸ் ஓட்டுகிற அவள் கணவன், அவன் தங்கை. நாத்தனாருக்கு முப்பத்தாறு வயது. முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். எட்டு வயதில் அண்ணன் வைத்த 'பூசணி' என்ற பெயர்தான் இன்றுவரை தெரு முழுக்க. ஒரு கல்யாணப் பேச்சு வந்து, உடம்பைக் காரணம் காட்டி நின்றுபோனது. அதன் பிறகு வந்த பேச்சையெல்லாம் அவளே நிறுத்திவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் இடுப்பளவு எடுக்கிற அந்த நாடா, ஒருநாளும் அவள் இடுப்பைச் சுற்றியதில்லை.

நாத்தனாரும் அண்ணியும் என்றால் கீரியும் பாம்பும் என்பார்கள். இவர்கள் அப்படி இல்லை. ஒருவரையொருவர் வார்த்தையால் குத்திக்கொண்டே ஒரே சீப்பில் தலை வாரிக்கொள்கிற ஜோடி. அவளை எடைப் பிரிவுக்கு வரச் சொல்லி ஒரு வருடம் நச்சரித்தது தராசக்காதான்.

"நான் வந்து ஏறினா உங்க தராசு ஒடஞ்சிடும் அண்ணி. அப்புறம் உங்களுக்கு வேலை போயிடும்."

"உன் வாய்க்கே தனியா எடை போடணும்டி. கிளம்பு."

வந்தாள். பலகையில் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எண்ணை எழுதிவிட்டு, தராசக்கா தாளைக் கையெழுத்துக்காக நீட்டினாள். நாத்தனார் முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள், பின்பக்கம் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, இதுக்கு ஏன் கோடு போட்டிருக்கு?"

"அது உனக்கு இல்லம்மா. எலும்பும் தோலுமா இருக்கறவங்களுக்கு."

"எனக்கு இல்லையா?"

"உனக்கு எதுக்கு? கண்ணாடியில பாத்ததே இல்லையா நீ?" என்றாள் தராசக்கா. சிரிப்புக்காகச் சொன்னதுதான். எப்போதும் சொல்கிற தினுசில் சொன்னதுதான்.

நாத்தனார் சிரிக்கவில்லை. தாளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெல்ல மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த இரண்டு நிமிடத்தை இன்றைக்கு எத்தனை தடவை ஓட்டிப் பார்க்கிறாள் தராசக்கா! ஒரு பெண் வாசற்படி வரை வந்து, கதவைத் தட்டக் கையைத் தூக்கி, கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தது யார்?

அதற்குப் பிறகு மணி அடிக்கத் தொடங்கியது.

முதல் மாதம் அடித்தது. இரண்டாம் மாதம் அடித்தது. மூன்றாம் மாதம் பெரிய டாக்டரே அறையை விட்டு வெளியே வந்து கை தட்டினார். "பாருங்க, இந்தம்மாவைப் பாத்துக் கத்துக்குங்க!" என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் காட்டினார். அவள் புகைப்படம் சுவரில் ஏறியது. தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "என்னம்மா, ஆளே மாறிட்டே!" என்றார்கள். அண்ணன்காரன் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் தங்கச்சி பெருமை பேசினான். "இனிமே பூசணின்னு கூப்பிடக் கூடாது போல இருக்கே. என்ன, கத்தரிக்கான்னு மாத்திக்கலாமா?" என்று கேலி செய்தான். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது இரண்டு கன்னமும் வீங்கினாற்போல் உப்பியிருந்ததை யார் பார்த்தார்கள்? சீப்பில் கொத்துக் கொத்தாக வந்த முடி யாருடையது என்று யார் கேட்டார்கள்?

இதே அடையாளங்களோடு ஒல்லியான ஒரு பெண் அந்த மருத்துவமனைக்கு வந்திருந்தால் அன்றைக்கே படுக்க வைத்திருப்பார்கள். நாத்தனார் இன்னும் கனத்த பெண்தான். கனத்த பெண் மயங்கினால் களைப்பு. கனத்த பெண்ணுக்கு முடி கொட்டினால் வயசு. கனத்த பெண் சாப்பிடாமல் எழுந்து போனால் கட்டுப்பாடு!

வீட்டில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்திருந்தது. சாப்பிட்டுக் கை கழுவப் போகிற நாத்தனார் குளியலறைக் கதவைச் சாத்துவாள். குழாய் முழு வேகத்தில் திறக்கும். வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் வீட்டையே நிறைக்கும். வெகுநேரம்.

"ஏன் பூசணி, ஆத்தையே திருப்பி விட்டியா உள்ள? மேல தொட்டி காலியாகுது பாரு!" என்று அண்ணன் கத்துவான்.

"துணிக்குத் தண்ணி பிடிக்கறேண்ணே!" என்று பதில் வரும்.

தராசக்கா அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். வாளி நிரம்பி வழிகிற சத்தத்துக்கும், நிரம்பாத வாளியில் விழுகிற சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாத பெண் உண்டா? வழிந்துகொண்டே இருக்கும் வாளிக்கு ஏன் இன்னும் குழாய் திறந்திருக்கிறது? அந்தக் கேள்வி அவள் மனதில் எழுந்தது. சத்தியமாக எழுந்தது. பாத்திரத்தை இன்னும் சத்தமாகத் தேய்த்தாள். மாதத்துக்கு ஒருமுறை மணி அடித்துக்கொண்டிருக்கிறதே! தன் கையாலேயே அடிக்கிற மணி பொய் சொல்லுமா?

எட்டாவது மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி.

நாத்தனார் பலகையில் ஏறினாள். சிவப்பு எண் எரிந்தது. பிரிவிலேயே யாரும் எட்டாத இறக்கம். தராசக்கா மணியைத் தூக்கி அடித்தாள். ஒன்று. இரண்டு. வெளியே கைதட்டல். மூன்று. நாத்தனார் சிரித்தபடி பலகையிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, போதும்... அடிக்காதீங்க" என்றாள்.

அப்படியே சரிந்தாள். பலகையில் பாதி, தரையில் பாதி. சுவரில் எண்கள் ஏறி இறங்கி ஏறி இறங்கித் துடித்தன. வெளியே விஷயம் தெரியாமல் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தாள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஓடுகிற கோட்டைப் பார்த்தவள் முகம் மாறியது. ரத்தச் சோதனை வந்தது.

"உடம்புல உப்புச் சத்து பயங்கரமா குறைஞ்சிருக்கு. இதயம் தடுமாறுது. நீங்கதானே கூட இருக்கறவங்க? இவங்க சாப்பிட்டதை வாந்தி எடுக்கற பழக்கம் உண்டா?"

"இல்ல டாக்டர்" என்றாள் தராசக்கா.

உடனே சொன்னாள். யோசிக்காமல் சொன்னாள். ஐம்பது தாளில் ஒரே இழுப்பாகக் கோடு இழுக்கிற அதே வேகம்!

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற மாத்திரை ஏதாவது? ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியாம நான் மேல போக முடியாது."

"இவ எங்க பிரிவு ஆளு, டாக்டர். பெரிய டாக்டர் பாக்கறாரு. சுவத்துல போட்டோவே இருக்கு. அந்த மாதிரி நோயெல்லாம் இவளுக்கு எப்படி..."

அந்த நேரத்தில், அறை மூலையில் இருந்த தொட்டியில் கை கழுவ ஒரு நர்ஸ் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கொட்டியது.

படுக்கையில் அரை மயக்கத்தில் கிடந்த நாத்தனாரின் முகம், அந்தச் சத்தம் கேட்டதும் சுருங்கியது. பிடிபட்ட குழந்தையின் முகம். மூடியிருந்த இமையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போயிற்று. தராசக்காவின் எட்டு மாதப் பாத்திரச் சத்தமெல்லாம் அந்த ஒரு நொடியில் ஓய்ந்தது.

"டாக்டரம்மா!" அவள் அந்த இளம் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டேன். எடுக்கறா. தினமும். குழாயைத் திறந்துவிட்டுட்டு எடுக்கறா. எனக்குத் தெரியும். எனக்கு எப்பவோ தெரியும்!"

உயிர் பிழைத்தது. மூன்றாம் நாள் நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன்காரன் பஸ் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு கட்டில் காலடியில் நின்றான். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கையைக் கூப்பிட அவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

அன்று மதியம் தராசக்கா பின்கட்டிடத்துக்கு ஓடினாள். அங்கிருந்த மனநல டாக்டர் கோப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், மூடிவிட்டார்.

"இவங்களை நான் எப்படிம்மா எடுக்கறது? எங்க பிரிவுல சேர்க்கறதுக்கு ஒரு எடைக் கணக்கு இருக்கு. அதுக்குக் கீழ இருக்கணும். இவங்க அதை விட எவ்வளவோ மேல இருக்காங்க. உங்க பிரிவுலயே சொல்லிப் பாருங்க."

"எங்க பிரிவுல இது பின்கட்டிடத்து நோய்ங்கறாங்க, சார். நீங்க இது முன்கட்டிடத்து உடம்புங்கறீங்க. ரெண்டு கட்டிடத்துக்கும் நடுவுல இருக்கற முற்றத்துலயா அவ சாகணும்?"

அவர் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார். அவள் திரும்பி நடந்தாள். தன் அறைக்குப் போய், அன்று காலை கோடு போட மறந்திருந்த அடுக்கிலிருந்து ஒரு புதுத் தாளை உருவினாள். நாத்தனாரின் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு."

"வேணாம் அண்ணி. என்னைப் பாத்தா யாராவது நம்புவாங்களா? சாப்பாட்டு நோயாம், இந்த உடம்புக்கு! சிரிப்பாங்க."

"யாரு சிரிச்சா?"

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல என்ன இருக்கிறது? சிரித்தவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"முதல் நாளே படிச்சிட்டேன் அண்ணி" என்றாள் பிறகு, மெல்ல. "கோட்டுக்கு அடியில எழுத்து தெரிஞ்சுது. அஞ்சையும் படிச்சேன். பதினாறு வயசுலேர்ந்து எனக்குள்ள மட்டும் இருக்கற விஷயம். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி எப்பவாவதுதான் நடக்கும். யாரோ என் மனசுக்குள்ள புகுந்து பாத்து அச்சடிச்சு வச்ச மாதிரி இருந்துது. அப்பாடா, கேட்டுட்டாங்கடான்னு நினைச்சேன். அப்புறம்தான் கோட்டைப் பாத்தேன்."

தராசக்கா தாளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாத்தனாரே அந்தத் தாளை மெல்லப் பிடுங்கி, புடவைத் தலைப்பால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள்.

"மை பரவிடும் அண்ணி. கேளுங்க."

கேட்டாள். தாளில் இருந்தபடி, ஒவ்வொரு வார்த்தையாக. மறைத்துச் சாப்பிடுவது உண்டா? உண்டு. தைத்த சீருடைக் கட்டுகளுக்குப் பின்னால். தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா? போகிறது. பிறகு பயம் வருகிறதா? வருகிறது. யாரைப் பார்த்து? "உங்க மணியைப் பாத்து அண்ணி. அது அடிக்காம போயிட்டா உங்க முகம் எப்படி இருக்கும்னு நினைச்சா, ராத்திரி பகல் தூக்கம் வராது." அந்தப் பதிலையும் எழுதினாள்.

அந்தத் தாளைப் பின்கட்டிட டாக்டரின் மேசையில், எடை எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள். அவசரப் பிரிவின் இளம் பெண் டாக்டரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவர் படித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"படுக்கை தர எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் கடைசியில். "ஆனா நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு என் அறைக்கு வரச் சொல்லுங்க. நானே பாக்கறேன்."

படுக்கை கேட்டுப் போனவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. வாரம் ஒருநாள் நாத்தனார் அந்த நாற்காலிக்குப் போகிறாள். சில மாதம் நன்றாகப் போகும். சில வாரம் எல்லாம் இடிந்து விழும். சுவரில் இருந்த புகைப்படத்தைத் தராசக்கா கழற்றிவிட்டாள். பெரிய டாக்டர் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். இப்போது எடைப் பிரிவில் பின்பக்கத்தில் கோடு கிடையாது. ஐந்து கேள்வியையும் அவளே கேட்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. நாலு பேரில் ஒருவராவது, முதல் கேள்வியிலேயே தலையைக் குனிந்துகொள்கிறார். அவள் காத்திருக்கிறாள்.

ஆனால் அறையின் பின்சுவரில் ஒரு இரும்பு அலமாரி இருக்கிறது. பதினோரு வருடத்துக் கோப்புகள் அதில் தூங்குகின்றன. ஒவ்வொன்றிலும் அவள் கையால் இழுத்த நேர்கோடு. அந்தத் தாள்களில் அவள் மணி அடித்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். வேகமாக இறங்கி, கைதட்டல் வாங்கி, திடீரென்று வராமலே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வராததற்கு அன்று பிரிவில் ஒரே காரணம்தான் சொல்லிக்கொள்வார்கள்: 'சோம்பேறித்தனம்.' தினமும் மதியம் ஒரு கோப்பை எடுத்து, அதில் இருக்கிற எண்ணுக்கு அவள் போன் செய்கிறாள். சிலர் நலம். சிலருடைய எண் மாறிவிட்டது. போன வருடம் ஒருநாள் ஒரு தாய் எடுத்தாள்.

"எடை பாக்கற எடத்துலேர்ந்தா? நீங்க மணி அடிப்பீங்களே, அவங்களா? என் பொண்ணு வீட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பா... அவ இல்லம்மா. போயி மூணு வருஷம் ஆச்சு. தூக்கத்துலயே இதயம் நின்னுடுச்சு. நல்லாத்தாம்மா எளைச்சிருந்தா."

அன்றைக்குத்தான் நாக்கில்லாத மணி முதல் தடவையாக அடித்தது.

நேற்று மதியம் விடுமுறை. மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்த நேரத்தில் அண்ணன்காரனுக்குப் பட்டன் தைக்கிற வேலை. "பஸ் ஓட்டற கையைப் பட்டன் தைக்க வச்சிட்டீங்களே, ரெண்டு பேரும் நல்லா இருப்பீங்களா?" என்று அவன் புலம்பிக்கொண்டிருந்தான். சீருடைக் கட்டை எடுத்து வைக்கத் தராசக்கா உள்ளே போய்த் திரும்பினாள். மெஷின் முன்னால் ஆள் இல்லை. அண்ணன் ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

தராசக்கா கதவருகே போய் நின்றாள். தட்டக் கையைத் தூக்கினாள். தட்டவில்லை. கை கழுவுகிறாளா? வெறும் கை கழுவுகிறவளாக இருக்கக் கூடாதா? வாளி நிரம்புகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றாள். நிரம்பியது. வழிந்தது. வழிந்துகொண்டே இருந்தது.

பிறகு குழாய் நின்றது. தாழ்ப்பாள் விலகியது. முகம் முழுக்க ஈரத்தோடு நாத்தனார் நின்றாள். அண்ணியைப் பார்த்தாள். பொய் சொல்ல உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது.

"கேளுங்க அண்ணி" என்றாள்.

தராசக்கா அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி, முதல் கேள்வியிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.